விவியன் மேயரின் இருட்டறை

'ஃபைண்டிங் விவியன் மேயர்' (2013) ஆவணப்படத்தை முதல் தடவை பார்த்தபோது, எல்லாரையும் போல நானும் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டேன்: இவ்வளவு படம் எடுத்தவர் ஏன் யாருக்கும் காட்டவில்லை? போன குளிர்காலத்தில் இங்கே இங்கிலாந்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை டார்க்ரூமாக மாற்றினேன். அதன் பிறகு படத்தை மறுபடி பார்த்தேன். கேள்வியே மாறிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மேயர் 1926-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 1956-இல் சிகாகோவின் வடக்குப் புறநகரில் ஒரு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கழுத்தில் எப்போதும் ரோலைஃப்ளெக்ஸ் கேமரா. 2007-இல், கிடங்கு வாடகை பாக்கியால் அவருடைய சாமான்கள் ஏலத்துக்குப் போயின. அதில் பெட்டிகளை வாங்கியவர்களில் ஒருவர் ஜான் மலூஃப். சார்லி சிஸ்கெலோடு சேர்ந்து படத்தை இயக்கியவரும் அவர்தான். மேயர் 2009-இல் இறந்தார்.

படத்தின் கவனமெல்லாம் மேயரின் குணத்தின் மீது. அவர் குவித்த செய்தித்தாள்கள், பேச்சு வழக்கு, அறைக்குப் பூட்டு கேட்டது. சுவாரசியம்தான். ஆனால் என் கண்ணுக்கு இன்னொரு விஷயம்தான் பெரியது. அந்தச் சிகாகோ வீட்டில் அவருக்குத் தனிக் குளியலறை இருந்தது, அதையே இருட்டறையாக்கிக்கொண்டார். 1970-களின் தொடக்கத்தில் அந்த வேலை முடிந்தது, இருட்டறையும் போனது. வீடு வீடாக மாறினார். கழுவாத ரோல்கள் சேர ஆரம்பித்தன. எடுத்தவரே பார்க்காத படங்கள்!

இது ஏன் பெரிய விஷயம் என்று கொட்டகைதான் எனக்குச் சொன்னது. எட்டுக்கு ஆறு அடி மரக்கொட்டகை. கதவை மூடிப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால், ஆணி ஓட்டையெல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். 13-க்குக் கீழே போனால் அதிலுள்ள ஹைட்ரோகுயினோன் தூங்கிவிடும். குழாய் கிடையாது, ஹைப்போவிலிருந்து எடுத்த பிரிண்டை வாளியில் போட்டு வீட்டுக்குள் தூக்கிப் போய்க் கழுவ வேண்டும். இதெல்லாம் பிளம்பிங் வேலை, செய்துவிடலாம்.

நிஜமான வேலை அதற்குப் பிறகுதான். எத்தனை நொடி வெளிச்சம்? எந்தக் கான்ட்ராஸ்ட்? முகத்தை வெளுப்பாக்க எவ்வளவு நேரம் கையால் மறைப்பது? ரோலைஃப்ளெக்ஸ் நெகட்டிவ் சதுரம். பேப்பரோ எட்டுக்குப் பத்து இன்ச். சதுரமாகவே விடுவதா, வெட்டுவதா? ஒரே நெகட்டிவிலிருந்து ஒரு சாயங்காலத்தில் நான் போட்ட மூன்று பிரிண்டும் மூன்று வேறு படங்கள். நெகட்டிவ் முடிவல்ல, முடிவெடுக்க வேண்டிய இடம்.

மேயர் தானே போட்ட பிரிண்ட்டுகளில் சதுரத்தை வெட்டியவை உண்டு. நாம் காலரிகளிலும் புத்தகங்களிலும் பார்ப்பதோ பெரும்பாலும் முழுச் சதுரம், வேறொருவர் தேர்ந்தெடுத்து, வேறொருவர் பிரிண்ட் போட்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நெகட்டிவ்களில் எது 'மேயர் படம்' என்று சொன்னவர் மேயர் இல்லை.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனும் தன் பிரிண்டைத் தானே போட்டவரில்லையே? சரிதான். ஆனால் எது வெளியே போகலாம் என்று சொல்ல அவர் உயிரோடு இருந்தார்; வெட்டாதே என்று பிடிவாதமும் பிடித்தார். கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது ஆயிரக்கணக்கான ரோல்கள் கழுவாமல் கிடந்தன. அவருக்கோ ஏற்கனவே புத்தகங்களும் கண்காட்சிகளும் இருந்தன. அவர் எதற்குச் 'சரி' சொல்வார் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் உண்டு. மேயருக்கு இருக்கும் ஒரே அளவுகோல் அவர் கையால், அல்லது அவர் சொல்லி, போடப்பட்ட பழைய பிரிண்ட்டுகள்தான்.

மலூஃபைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமில்லை. அவர் வாங்கியிருக்காவிட்டால் பாதி குப்பைக்குப் போயிருக்கும். இருட்டறை மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். அது இருந்த காலத்துப் பிரிண்ட்டுகளையும் மேயர் ஊருக்குக் காட்டவில்லை. ஆனாலும் 'ஏன் காட்டவில்லை' என்று கேட்பதற்கு முன்னால், 'தானே பார்க்க அவருக்கு இடம் இருந்ததா' என்று படம் கேட்டிருக்க வேண்டும். சம்பளத்துக்கு இன்னொருவர் வீட்டில் தங்கும் பெண்ணுக்கு, கதவு மூடிய ஒரு குளியலறை சின்ன வசதி இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அவர் படத்துக்குக் கீழே இரண்டு வருஷம் போடுங்கள்: எடுத்த வருஷம், பிரிண்ட் போட்ட வருஷம். பக்கத்தில் பிரிண்ட் போட்டவர் பெயர். அடுத்த தடவை மேயர் கண்காட்சிக்குப் போனால், படத்தைப் பார்த்த பிறகு அந்தச் சின்ன எழுத்தையும் தேடிப் பாருங்கள்.