பறை, பறயுக, பாரியா

ஹன்னா அரெண்ட்டைத் தமிழில் பேசுகிற நண்பர்கள், 'பாரியா' என்று அவர் எழுதும் இடத்தில் 'விலக்கப்பட்டவர்' என்று போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நாகரிகமான காரியம்தான். இந்த நாகரிகம் எதை மறைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அன்றாட வினைச்சொல் 'பறயுக'. யாழ்ப்பாணத்தில் 'பறையாதை' என்றால் பேசாதே. தமிழகத்திலோ பறை ஒரு கருவி. கூடவே ஒரு மக்கள் திரளின் பெயர். கருவியிலிருந்தே பெயர் வந்தது என்றார் கால்டுவெல். இம்மக்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்தவர்கள். உழைப்பை விட்டுவிட்டுக் கொட்டை மட்டும் பார்க்கிறது இந்தச் சொற்பிறப்பு. சொல்லாராய்ச்சியும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டுதான் பேசும்.

போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயர் கப்பலேறியது. ஐரோப்பாவில் அது உருவகமாயிற்று. 1791இல் பெர்னார்டின் த சேன்-பியேர் தன் கதையில் பாரியாவைக் குடிசைவாழ் ஞானியாக்கினார். 1821இல் தெலவீஞ் நாடகமாக்கினார். கணவனைப் பிரிந்து பெருவுக்குப் போய்வந்த ஃப்ளோரா த்ரிஸ்தான், 1838இல் தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் பாரியா என்றார். பிறகு மாக்ஸ் வெபர் யூதர்களைப் 'பாரியா மக்கள்' என்றார். ஒரு சாதியின் பெயர் சாதியே இல்லாத பொதுப்பெயராகிவிட்டது. இன்று ஆங்கிலப் பத்திரிகைகளில் நாடுகள்கூடப் பாரியா ஆகின்றன. சேரி மட்டும் அங்கே வருவதில்லை.

அரெண்ட்டை நான் தள்ளிவிடவில்லை. விலக்கியவனைப் போலவே ஆகிவிடத் துடிக்காமல், விலக்கப்பட்ட நிலையிலிருந்தே அரசியல் செய்பவர்தான் 'தன்னுணர்வுள்ள பாரியா'. பெர்னார் லசாரிடமிருந்து இதை எடுத்து, ஹைனே, சாப்ளின், காஃப்கா என்று 1944 கட்டுரையில் ஒரு மரபையே கட்டிக் காட்டுகிறார். ஆனால் இதே கேள்விக்குச் சென்னையில் அரை நூற்றாண்டு முன்பே பதில் எழுதிவிட்டார்கள். 1893இல் ரெட்டமலை சீனிவாசன் தன் இதழுக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரே பிறர் சுமத்தியது என்று மறுத்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் 'ஆதி திராவிடர்' என்ற பெயரைக் கேட்டு வாங்கினார். வசவை எடுத்து நிமிர்த்துவதா, தூக்கி எறிவதா? இரண்டும் தன்னுணர்வுதான். அரெண்ட்டின் மரபில் இவர்கள் யாரும் இல்லை.

'விலக்கப்பட்டவர்' என்று நாம் மொழிபெயர்க்கும்போது இந்த விடுபடல் இரண்டாம் முறையும் நடக்கிறது, அதுவும் சொல் புறப்பட்ட ஊரிலேயே. விலக்கியது யார் என்பதும் கூடவே போய்விடுகிறது. ஆகவே, 'பாரியா' என்றே எழுதுவோம். அது யாருடைய பெயர் என்பதையும் பக்கத்திலேயே எழுதுவோம். வாசிக்கிறவருக்குச் சங்கடமாக இருந்தால் இருக்கட்டும். சீனிவாசனையும் அயோத்திதாசரையும் அரெண்ட்டோடு சேர்த்துப் படிக்க அந்தச் சங்கடம் தேவைப்படுகிறது.