ஒழியிசையும் வாதத் திசையும்

தற்கால இலக்கண விளக்கங்கள் 'தான்' என்பதைப் பெரும்பாலும் தேற்றப்பொருள் தரும் இடைச்சொல்லாகவே கொள்கின்றன. இது மறு ஆய்வுக்குரியது. 'அவர் நல்லவர்தான்' என ஒருவர் கூறின், கேட்போர் அடுத்து வரும் 'ஆனால்' என்பதையே எதிர்நோக்குவர். நற்பண்பு உறுதிப்படுகிறது, அதிலிருந்து எய்தக்கூடிய முடிவோ தடைப்படுகிறது. சொல்லாது விடப்பட்ட பொருளை அவாவி நிற்கும் இந்நிலையை, மன், ஓ ஆகியவற்றின் பொருள்களுள் ஒன்றாக ஒழியிசை எனத் தொல்காப்பியர் குறித்தார். அப்பெயர் 'தான்' என்பதற்கும் பொருந்தும்.

வாதத் திசை சொற்பொருளிலேயே அமைந்தது என்பது அன்ஸ்கோம்பரும் டுக்ரோவும் 1983இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்து. அவர்தம் ஆய்வில் 'ஆனால்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் பெரிதும் இடம்பெறுகிறது. தமிழில் அப்பணியை ஒட்டி வரும் இடைச்சொல்லே ஆற்றிவிடுகிறது. 'ஒரு பத்துப் பேர்தான் வந்திருப்பர்' என்பதில் 'ஒரு' தொகையை மங்கலாக்குகிறது. ஒன்பதும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். வருகை குறைவு என்னும் முடிவில் மட்டும் மங்கல் இல்லை. ஐயம், தேற்றம் எனத் தனித்தனியே பட்டியலிடும் முறை இத்தொடரின்முன் தடுமாறுகிறது. 'தான்' நின்ற இடத்தில் 'ஆவது' வரின், தொகை ஏறத்தாழ அதுவே. வருகை போதும் என்பதற்கு அத்தொடர் சான்றாகிவிடுகிறது.