பச்சை இல்லினாய், ரோஸ் இண்டியானா

‘ஹக்கிள்பெரி ஃபின்’ மேல் உயிரையே வைத்திருப்பவர்கள், அதற்குப் பின் வந்த ‘டாம் சாயர் அப்ராட்’ நாவலை ஒரு பெருமூச்சோடு மூடி வைப்பார்கள். நானும் அப்படி வைத்தவன்தான். மிசிசிப்பியில் தெப்பத்தில் மிதந்த ஹக்கையும் ஜிம்மையும் டாமோடு சேர்த்து, 1894இல் மார்க் ட்வெய்ன் ஒரு பலூனில் ஏற்றி சகாரா பாலைவனத்துக்கு அனுப்பினார். ஆறு கதையைத் தானே இழுத்துக்கொண்டு போனது. பலூனுக்கு அந்த இழுப்பு இல்லை. இருந்தாலும் இந்தச் சின்னப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறேன். சில இடங்கள் அவ்வளவு அழகு. வாருங்கள், ஒருமுறை சேர்ந்து பார்ப்போம்.

முதலில் அந்தப் பச்சை. செயின்ட் லூயிஸில் கிளம்பிய பலூன் கிழக்கே பறக்கிறது. இன்னும் இல்லினாய்க்கு மேலேதான் இருக்கிறோம், இண்டியானா வரவில்லை என்று ஹக் அடித்துச் சொல்கிறான். எதை வைத்து? நிறத்தை வைத்து! வரைபடத்தில் இல்லினாய் பச்சை, இண்டியானா ரோஸ். கீழே எங்கே பார்த்தாலும் பச்சை. மருந்துக்குக்கூட ரோஸ் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். ஹக்கின் தர்க்கத்தில் ஒரு பிசிறு கிடையாது. கண்ணால் பார்க்கிறான், தெரிந்ததோடு ஒப்பிடுகிறான், முடிவுக்கு வருகிறான். வரைபடம் உள்ளதை உள்ளபடி காட்டும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவனைத் தடுக்கி விழவைக்கிறது. அந்த நம்பிக்கையோ அத்தனை வெள்ளை. கதை சொல்பவன் அவனே என்பதால் சொல்லில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. டாமும் அவனும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே இல்லினாய் முழுவதும் நமக்குக் கீழே பச்சைப்பசேலென்று விரிந்துவிடுகிறது. ஒரு நிலத்தையே கண்ணில் நிறுத்த ஒற்றை நிறம் போதுமாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு ஜிம். ஊருக்கு ஊர் நேரம் மாறும் என்று டாம் விளக்க, அவன் தவித்துப்போகிறான். கடவுள் தம் பிள்ளைகளுக்குள் இப்படிப் பாரபட்சம் காட்டுவாரா? நேற்றுவரை அடிமையாக இருந்த மனிதன் கேட்கிற கேள்வி அது. அதன் கனம் மெல்ல மெல்லத்தான் நெஞ்சில் இறங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் நேசிப்பது அந்த ஒட்டகக் கூட்டத்தை. பாலைவனத்தில் போகும் ஒரு கூட்டத்தை மூவரும் வானத்திலிருந்து பின்தொடர்கிறார்கள். பெரிய தலைப்பாகையும் வளைந்த வாளுமாக வரும் தலைவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே சூட்டுகிறார்கள். ஒருவர் கர்னல் ஜேக்கப் மெக்டூகல்! நாள் போகப் போக கர்னல் உதிர்ந்துவிடுகிறது, மெக்டூகலும் உதிர்ந்துவிடுகிறது; வெறும் ஜேக் ஆகிவிடுகிறார். மிஸ் ஹாரியட் ஹாட்டி ஆகிறாள். நட்பு வளர்ந்ததை ட்வெய்ன் வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு இனித்திருக்காது. நம் வீடுகளிலும் பாசம் முற்ற முற்றப் பெயர் இப்படித்தானே குறுகும்!

கீழே ஒரு கல்யாணம் நடக்கிறது. மேலே இவர்கள், பலூனுக்குச் சொந்தக்காரராக இருந்து அட்லாண்டிக்கில் விழுந்து மறைந்த பேராசிரியரின் நல்ல உடுப்புகளைப் போட்டுக்கொண்டு தயாராகிறார்கள். கீழே ஆடும்போது மேலேயும் ஆடுகிறார்கள். மறுநாள் விடியலில் ஒரு சாவு. இறந்தவர் யாரென்றே இவர்களுக்குத் தெரியாது. கூட்டத்தைச் சேர்ந்தவர், அது போதும். 1,100 அடி உயரத்திலிருந்து கண்ணீர் சொட்டுகிறது. அந்த உயரத்தை எண்ணாகச் சொன்ன நுட்பத்தைப் பாருங்கள். அத்தனை தொலைவிலிருந்து விழும் துளி மண்ணைத் தொடுமா என்று மனசு தானாகக் கணக்குப் போடத் தொடங்குகிறது, போட்டு முடிப்பதற்குள் நம் கண்ணும் நனைந்துவிடுகிறது. பிறகு மணற்புயல் ஒன்று அந்தக் கூட்டத்தை அப்படியே மூடிவிடுகிறது. ஒரு வார்த்தைகூடப் பேசிப் பழகாதவர்களுக்காக மூவரும் துக்கம் காக்கிறார்கள்.

முடிவு சட்டென்று வந்துவிடும். பலர் ஏமாறுவது அங்கேதான். டாமின் சோளக்கட்டைப் புகைக்குழாய் உடைந்துபோக, இன்னொன்று எடுத்துவர ஜிம் ஊருக்குப் போகிறான். சினாய் மலையில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அவன் திரும்பி வந்து சொல்லும் சேதியில் எனக்கு ஒரே ஒரு காட்சிதான் நிற்கிறது: திண்ணையில் நின்று வழி பார்த்துக்கொண்டிருக்கிற, டாமை வளர்க்கும் பாலி அத்தை, டாம் கைக்கு வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரப்போவதில்லை.