மாற்று டர்போவும் மாறாத காரணமும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரியும் ஊர் திண்டிவனம். இந்தப் பக்கத்தில் ஒரு பேருந்து நின்றுபோனால், அதை நம்பியிருக்கும் கிராமத்தில் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களின் நாளே குலைந்துவிடும். விழுப்புரம் போக்குவரத்துக் கழகம் போன்ற அரசு அமைப்புகளுக்கு, பழுதான பாகத்தைக் கழற்றி ஸ்டோரில் இருப்பதை மாட்டும் முறை அதனால்தான் இன்றியமையாததாகிறது.

டர்போ விஷயத்தில் இந்த முறைக்கு வலுவான நியாயம் உண்டு. எஞ்சினின் புகை வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தித் தரும் அதன் தண்டு, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டக்கூடியது. எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் அது மிதக்கிறது. சமநிலை இம்மி பிசகினாலும் பேரிங் போய்விடும். சமநிலை பார்க்கும் இயந்திரம் இல்லாத டிப்போவில் அதைப் பிரித்து மேய்வதைவிட, முழு யூனிட்டாக மாற்றுவதே அறிவுடைமை. தேர்ந்த டெக்னீஷியன் ஒரே ஷிப்டில் வேலையை முடித்துவிடுவார்.

குறை அதற்கு அப்பால் தொடங்குகிறது. டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. காலம் கடந்த ஆயில், அடைத்த ஆயில் பைப், கிழிந்த ஏர் ஹோஸ், சூடான எஞ்சினைச் சட்டென்று அணைக்கும் பழக்கம் ஆகியவையே அதைக் கொல்கின்றன. இவற்றைத் தொடாமல் டர்போவை மட்டும் மாற்றினால், புதியதும் அதே வழியில் போகும். உடைந்த இறக்கையின் துணுக்குகள் இன்டர்கூலரில் தங்கியிருந்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

ஸ்டோரும் பிழைக்கு இடம் தருகிறது. வாய் மூடாமல் வைத்த யூனிட்டில் தூசியும் துருவும் ஏறும். கழித்து ஒதுக்கிய வண்டியிலிருந்து எடுத்ததைத் தண்டின் ஆட்டம் அளக்காமல் மாட்டுவது சூதாட்டம். 2017 ஏப்ரலில் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்று நாடு முழுவதும் வாகனப் புகை விதிகள் மாறின. அதனால் ஒரே டிப்போவில் பல தலைமுறை எஞ்சின்கள் நிற்கலாம். பார்வைக்கு ஒத்திருக்கும் டர்போவைப் பொருத்தினால் கரும்புகையும் இழுவைக் குறைவும்தான் மிஞ்சும்.

விடிகாலை டிரிப்புக்கு வண்டி வேண்டும், ஆள் பற்றாக்குறை, காரணம் தேட நேரமேது என்பார்கள் டிப்போவில். அந்த நெருக்கடி உண்மையானது. ஆனால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பைப்பை ஊதிச் சுத்தம் செய்து, ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவுக்குள் ஆயில் ஊற்றுவதற்கு ஆகும் நேரம், மறு பிரேக்டவுனில் இழக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு.

பழைய டர்போ ஏன் போனது என்று எழுதாத சீட்டுக்கு ஸ்டோர் புதியதைத் தரக்கூடாது. அந்த விடைகளை மாதந்தோறும் தொகுத்தால், எந்த வண்டியில் பராமரிப்பு தவறுகிறது என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். கை வேகம் டெக்னீஷியனிடம் ஏற்கெனவே இருக்கிறது. காரணம் தேடுவதற்கான நேரத்தை அவருக்கு ஒதுக்கித் தருவது நிர்வாகத்தின் கடமை.