கொலு பொம்மைக்கு மறுவண்ணம்: வழிகளும் வரையறைகளும்

நவராத்திரி நெருங்கிப் பரணிலிருந்து பெட்டி இறங்கினால், பாதிப் பொம்மைகளுக்கு ஏதாவது வேலை காத்திருக்கும். விரல் ஒடிந்திருக்கும், வேலின் முனை போயிருக்கும், கண் மங்கியிருக்கும். அவற்றைச் சீராக்குவதைச் சில்லறை வேலையாக நினைக்கிறோம். அப்படியல்ல, அதற்கென்று வழிகளும் சரி, தப்பு சொல்லும் அளவுகோல்களும் உண்டு.

மூத்தது மரப்பாச்சி வழி. செம்மரத்து ராஜா ராணியை ஆசாரி செதுக்கித் தருவதோடு சரி. பட்டுத் துண்டு, சம்கி, மணி என்று முடித்து வைப்பது வீட்டுப் பெண்கள். எல்லாமே கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும், தைக்கலாம், கட்டலாம், பசை தொடக்கூடாது. அப்போதுதான் அடுத்த வருடம் வேறு வேஷம் போட முடியும். இப்போது எனாமல் அடித்துச் சிவப்பு உதடு வரைகிறார்கள். செம்மரத்தின் நிறம்தான் அந்தப் பொம்மைக்கு மேனி, அதை மூடக்கூடாது. சன்னபட்டணத்து அரக்குப் பொம்மைக்கும் இதே விதி.

பண்ருட்டி, விளாச்சேரி மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும் மறுவண்ணம் தாங்கும். கோவை பெரியகடை வீதி பூம்புகாரில் வாங்கி வந்தவை பல வீடுகளில் இருக்கும். காகிதக்கூழை ஈரத்துணியால் துடைத்தால் ஊறிப்போகும்; உலர்ந்த தூரிகையே போதும். ஒடிந்த விரலை எம்-சீலில் பிடித்து, உப்புத்தாள் போட்டு, பிறகு வண்ணம். வண்ணம் மெல்லியதாக இருக்கட்டும். தடித்தால் சேலை மடிப்பும் நகை வேலைப்பாடும் அடைபட்டு, செய்தவர் கைத்திறன் மறைந்துவிடும். நீலக் கண்ணன் பச்சையாகத் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் மேலே பூசிய வார்னிஷ் பழுத்து மஞ்சளாகியிருக்கும்.

கண்தான் கடைசிச் சோதனை. இரண்டையும் ஒரே அமர்வில் எழுத வேண்டும். மேல்படிப் பொம்மைக்குப் பார்வை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், வணங்குபவர் கீழே உட்கார்ந்திருக்கிறாரே.

அழகைவிடப் பெரியது இலக்கணம். பெருமாளுக்கு வலக்கையில் சக்கரம், இடக்கையில் சங்கு. நடராஜர் தூக்குவது இடக்கால். அர்த்தநாரீசுவரருக்கு வலப்பாதி சிவன், இடப்பாதி அம்மை. திருச்செங்கோடு போய் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சிக்குப் பச்சை மேனி. ஆனால் விதியை மட்டும் படித்துவிட்டுத் திருத்தப் புறப்படுவது ஆபத்து. வலக்கால் தூக்கிய நடராஜர் கிடைத்தால் அது பிழையல்ல, மதுரை வெள்ளியம்பலத்துக் கோலம். வலக்கையில் சங்கு ஏந்தி நிற்கும் உலகளந்தார் திருக்கோவிலூரில் இருக்கிறார். எந்தத் தலத்து மூர்த்தி என்று தெரிந்த பிறகே தூரிகை எடுக்க வேண்டும்.

வெளிநாடுகளில் திரைப்பட நாயகர் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள், கடையில் வாங்கியதை மறுவண்ணம் தீட்டி நடிகரின் முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறார்கள். நம்மிடமும் அப்படி ஒரு முகம் உண்டு. 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்த பிறகு, ஔவை என்றாலே நமக்குக் கே.பி. சுந்தராம்பாள்தான். அவர் பிறந்த ஊர் நம் கொடுமுடி. நெற்றி நிறைய நீறும் கம்பீரமான பார்வையும் இல்லாத, கூனிப்போன பாட்டியைக் கொடுமுடிக் கொலுவில் ஔவை என்று வைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

பிரம்மா பொம்மைக்கு நான்காம் முகம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பல பொம்மைகளில் பின்புறம் வெறும் தட்டையாகவே இருக்கும். வேறு ஊர்க்காரர்கள் அங்கே ஒரு முகம் எழுதிக்கொள்ளட்டும். நம் ஊர் மகுடேசுவரர் கோயில் வன்னி மரத்தடியில் நம் பிரம்மாவுக்கு மூன்றே முகம். வன்னியையே நான்காவதாகக் கொள்வது தலத்து வழக்கு. ஆகவே நம் வீட்டுப் பிரம்மாவுக்குப் பின்னால் முகம் எழுத வேண்டாம், ஒரு சிறிய வன்னி மரத்தைச் செய்து வையுங்கள். அதற்கு முன் ஒருமுறை கோயிலுக்குப் போய் அந்த மரத்தின் முள்ளையும் பொடி இலையையும் நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.