நிறவெறி எதிர்ப்பு: சொல்லும் பொருளும்

1946-இல், விடுதலைக்கு முன்பே, இந்திய அரசு தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தைத் துண்டித்தது. முத்துக்குளித்துறையின் தூத்துக்குடித் துறைமுகத்தையும் அத்தடை கட்டுப்படுத்தியது. இத்தகைய செயல்களை 'நிறவெறி எதிர்ப்பு' என்றே எழுதிவருகிறோம். சொல் பொருந்துகிறதா?

வெறி தனிமனித உள்ளத்தில் எழுவது. அங்கே ஆண்டதோ சட்டம். 'அபார்ட்ஹைட்' என்னும் ஆப்பிரிக்கான்ஸ் சொல்லுக்குப் பிரிந்திருத்தல் என்பதே பொருள். 1950-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒருவரின் இனத்தைப் பதிவேட்டிலும், குடியிருக்கும் இடத்தை வரைபடத்திலும் அறுதியிட்டன. 'இன ஒதுக்கல்' நெருங்கிய சொல். 'இட ஒதுக்கீடு' நினைவில் குறுக்கிடுவது அதன் குறை.

வெறியை மனத்தால் வெறுத்துவிடலாம். சட்டத்தை எதிர்க்கச் செயல் வேண்டும். அச்செயலுக்காகவே கேப் டவுன் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் 1969-இல் சிறைப்பட்டு, 123 நாள்களுக்குப்பின் காவலிலேயே மரணமுற்றார். அவரை 'நிறவெறியை வெறுத்தவர்' என்றெழுதுவது குறைத்துச் சொல்வதாகும்.