க்வில்ட்டின் பின்பக்கத்தை யார் பார்ப்பது?

போன வருஷம் இங்கே "அம்மா தைத்த போர்வை" என்று ஒரு குறிப்பு எழுதி, கூடவே ஒரு படமும் போட்டிருந்தேன். அந்தக் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இன்று உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, இந்தப் பிழையை என்னைவிடப் பெரிய இடங்களும் செய்திருக்கின்றன. அதனால் திருத்தம் கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. அம்மா தன் பழைய சுங்குடிப் புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து மிஷினில் ஒன்றோடொன்று இணைத்தார். அகலம் 60 அங்குலம், நீளம் 80 அங்குலம். அதற்கு மேல் போக அவருக்கு நாள் இல்லாமல் போயிற்று. அவர் போன பிறகு அந்தத் துணி பீரோவில் மடித்தபடியே கிடந்தது. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒருநாள் அதைத் திண்டுக்கல்லுக்கு எடுத்துப் போனார். ஏழு மாதம் கழித்துப் போர்வையாகக் கொண்டுவந்து கொடுத்தார். நான் படம் எடுத்தேன், "அம்மா தைத்தது" என்று எழுதினேன். அத்தை படித்துவிட்டுப் போன் பண்ணினார். "படம் நல்லா வந்திருக்கும்மா. பின்பக்கம் ஒண்ணு எடுத்துப் போட்டிருக்கலாம்ல?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு அது உறைக்கவும் இல்லை.

க்வில்ட் என்பது மூன்று அடுக்கு. துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவிப் போடும் நூலோட்டத்துக்குத்தான் க்வில்ட்டிங் என்று பெயர். சதுரங்களை இணைப்பது வேறு வேலை, அதன் பெயர் பீஸிங். மேல்துணி மட்டும் முடிந்து நிற்பதை அமெரிக்கத் தையல்காரர்கள் "ஃப்ளிம்சி" என்கிறார்கள். சும்மா தொளதொளவென்று இருப்பது என்று அர்த்தம். சரியாகச் சொன்னால், அம்மா விட்டுப்போனது ஒரு ஃப்ளிம்சி. அதைப் போர்த்திக்கொள்ள முடியாது, துவைத்தால் உள்பக்கத் தையல் ஓரமெல்லாம் பிசிறு விட்டுப் போகும்.

அத்தை செய்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி வீதம் ஏறக்குறைய 40 வரிகள். ஒவ்வொன்றும் 60 அங்குலம். மொத்தம் 2,400 அங்குலம், அதாவது 200 அடி நூலோட்டம். அங்குலத்துக்கு ஐந்து தையல் என்று வைத்தால் 12,000 தையல், எல்லாம் கையால். ஏன் இவ்வளவு நெருக்கம்? பஞ்சுக்கடையில் வாங்கும் சாதாப் பஞ்சு, வரிகள் தள்ளித் தள்ளி இருந்தால் இரண்டு துவையலில் நகர்ந்து கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். வரிகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அடித்துணி எங்காவது சுருங்கி மடிப்பு விழும்.

அப்புறம் ஓரம். சுற்றளவு 280 அங்குலம். இரண்டரை அங்குலப் பட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்து, முன்பக்கம் மிஷினில் ஓட்டி, பின்பக்கம் திருப்பி, தையல் வெளியே தெரியாமல் கையால் ஹெம்மிங் பண்ண வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேலே மடித்து, திரும்பக் கீழே மடித்து, அடுத்த பக்கத்தைத் தொடங்கினால்தான் மூலை கூர்மையாக வரும். நேர் ஓரத்துக்கு நேர்ப்பட்டி போதும். வளைவு இருந்தால் டெய்லர்கள் சொல்லும் கிராஸ் பீஸ் வேண்டும். அத்தை அம்மாவின் புடவைக் கரையையே பட்டியாக வைத்தார். குண்டூசி போடாமல் தைத்ததில் ஓரம் இழுபட்டு அலை அலையாக நின்றது. இரண்டு தடவை பிரித்து, மூன்றாம் தடவைதான் சரியாக வந்ததாம். ஒரு போர்வையில் முதலில் தேய்வது ஓரம்தான். பட்டி இரட்டை மடிப்பாக இருக்க வேண்டியதன் காரணமும் அதுவே.

இதில் எதையும் நான் எழுதவில்லை. வண்ணங்களைப் பற்றி எழுதினேன். சுங்குடிப் புள்ளிகள் பற்றி எழுதினேன். முன்பக்கம் மட்டும் பார்த்தால் அதுதானே கண்ணில் படும்?

இனி பெரிய இடங்கள். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அமெரிக்க க்வில்ட்டுகளுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் இருவரும் சேகரித்தவை. ஓவியங்களைப் போல வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டார்கள். கட்டிலிலிருந்து சுவருக்குப் போனது ஒரு மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வுக்கு அளவுகோல் கண்ணுக்குத் தெரியும் வடிவம். தைத்தவர்களில் பெரும்பாலோர் பெயரில்லாமலே தொங்கினார்கள்.

2002இல் ஜீஸ் பெண்ட் க்வில்ட்டுகள் வந்தன. அலபாமா ஆறு மூன்று பக்கம் வளைத்துக்கொண்ட ஊர். அடிமைகளின் சந்ததியினர் வாழும் இடம். பழைய பண்ணை முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வே இன்றும் அங்கே பலருக்குப் பெயர். 1960களில் வாக்குரிமைக்காக மக்கள் ஆற்றைக் கடக்கத் தொடங்கிய காலத்தில் படகுச் சேவை நின்றுபோனது. திரும்ப வந்தது 2006இல்தான். அந்த ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த ஜீன்ஸ், சட்டை, மாவு மூட்டைத் துணி என்று கிடைத்ததை வைத்துத் தைத்தவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கி, விட்னிக்கு வந்தன. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் மைக்கேல் கிம்மெல்மன், மத்தீஸ், பால் க்ளே பெயர்களையெல்லாம் சொல்லி வியந்தார். 2006இல் தபால்தலைகளும் வந்தன.

இந்தத் தடவை பெயர் இருந்தது. ஒவ்வொரு க்வில்ட்டின் பக்கத்திலும் தைத்தவர் பெயர், ஆண்டு, துணி வகை. 1971க்கு இது பெரிய திருத்தம். என் குறை அடுத்த படியில் இருக்கிறது. ஜீஸ் பெண்டில் மேல்துணியைப் பெரும்பாலும் ஒருத்தி தன் வீட்டில் தனியாக இணைப்பாள். க்வில்ட்டிங் அப்படி இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் சேர்ந்து தைப்பது வழக்கம். இன்று உன் வீட்டுப் போர்வை, நாளை என் வீட்டுப் போர்வை. சுவரில் இருக்கும் சீட்டில் மேல்துணிக்காரியின் பெயர் மட்டும்தான். ஓவியர் என்றால் ஒருவர்தானே இருக்க வேண்டும்! ஓவியமாகப் பார்க்க முடிவு செய்ததும், கூட உட்கார்ந்த கைகளுக்குச் சீட்டில் இடமில்லாமல் போனது.

ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். மிசூரி பெட்வே 1942இல் தைத்த க்வில்ட் இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. கணவன் மாதக்கணக்கில் நோயில் கிடந்து இறந்த பிறகு, அவன் வயல்வேலைத் துணிகளையே கிழித்துத் தைத்தது. வெளுத்த நீலம், சாம்பல், பழுப்பு. முழங்கால் பக்கம் தேய்ந்த தடம்கூடத் தெரிகிறது. அவனை நினைத்துக்கொள்ளவும், அதற்குள் சுருண்டு படுக்கவும் வேண்டும் என்று அம்மா சொன்னதாக மகள் ஆர்லோன்ஸியா பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதே நினைவில் இன்னொரு தகவலும் உண்டு. கால்சட்டைகளைக் கிழித்து, மேலே அகலம் கீழே குறுகல் என்றிருந்த துணியைச் சமமான பட்டைகளாக வெட்டிக் கொடுத்தது, அப்போது பதினேழு பதினெட்டு வயதிலிருந்த அந்த மகள்தான். அந்த க்வில்ட்டின் அழகே அந்த நீளப் பட்டைகள்தான் என்று நினைக்கிறேன். மகளின் பங்கு நமக்குத் தெரிவது அவர் வாய் திறந்து சொன்னதால் மட்டுமே. நான் பார்த்த படங்கள் எல்லாம் முன்பக்கப் படங்கள். பின்பக்கத்தில் எத்தனை கைகளின் தையல் இருக்கிறது என்று அவை எதுவும் காட்டவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. பெண்களின் வேலையை "எல்லோரும் சேர்ந்து செய்தது" என்று மொத்தமாகக் கட்டி, தனி ஒருத்தியின் யோசனையைக் காணாமல் போகச் செய்வது பழைய தந்திரம். எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பு என்று முடிவு செய்தது ஒருத்திதான். அவள் பெயரைக் கூட்டத்தில் கரைக்கச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. அவள் பெயர் முதலில் இருக்கட்டும், அடுத்த வரியில் மற்றப் பெயர்களும் வரட்டும் என்கிறேன். இது நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்க க்வில்ட் போட்டிகளில் இணைத்தவர் பெயர் தனி, க்வில்ட்டிங் செய்தவர் பெயர் தனி என்று இன்று சாதாரணமாகப் போடுகிறார்கள். லாங்ஆர்ம் மிஷின் வைத்துக் காசு வாங்கிச் செய்துகொடுப்பவர்கள் வந்த பிறகு இந்த வழக்கம் பரவியது. கூலி கொடுத்த வேலைக்குப் பெயர் உண்டு, அன்புக்குச் செய்த வேலைக்குப் பெயர் இல்லை என்றாகிவிட்டது, பாருங்கள்.

சந்தையில் நிலைமை தலைகீழ். 1966இல் அதே வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் க்வில்ட்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1970களில் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தார்கள். கடைக்காரருக்கு வேண்டியது ஒரே அளவு, ஒரே மாதிரித் தையல், ஒரே மாதிரி ஓரம். அங்கே மதிப்பு முழுக்க முடிப்பு வேலைக்கு, சொந்த யோசனைக்கு இடமில்லை. மிச்சமான கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக்கு வந்து வேறுவிதமான க்வில்ட்டுகளாயின. அவைதான் பின்னால் அருங்காட்சியகம் போயின. அங்கே மதிப்பு முழுக்க யோசனைக்கு, முடிப்பைப் பற்றிப் பேச்சில்லை. அதே பெண், அதே கை. கடை பாதியை வாங்கிக்கொண்டது, கலைக்கூடம் மறுபாதியை வாங்கிக்கொண்டது.

நமக்குப் பக்கத்திலேயே இந்தப் பிரிவினை பொருந்தாத ஒரு தையல் முறை இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் தைக்கும் கவந்தி. தரையில் ஒரு பழைய புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்குவார்கள். துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து, நேராக அடித்துணியோடு சேர்த்து நூலோட்டம். ஓரமாகவே சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். மேல்துணி என்று தனியாக ஒன்று கிடையாது. இணைப்பதும் க்வில்ட்டிங் பண்ணுவதும் ஒரே தையல். நாம் கடைசிக்கு ஒதுக்கும் ஓரம் அங்கே முதல் வேலை. எல்லாம் முடிந்து நான்கு மூலையிலும் பல மடிப்பாக மடித்த சின்னத் துணிப் பூ ஒன்றை வைப்பார்கள். அதன் பெயர் பூலா. அது இல்லாத கவந்தி அவர்கள் கண்ணுக்கு உடுத்தாத உடம்பு மாதிரி. கவந்தியைப் பார்த்து "இதன் வடிவம் யாருடையது, தையல் யாருடையது" என்று பிரித்துக் கேட்கவே முடியாது. ஜீஸ் பெண்டைப் பார்க்கும்போது எதை விட்டுவிட்டோம் என்று எனக்குப் புரியவைத்தது கவந்திதான்.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கல். 'ஒட்டுப் போட்ட துணி' என்றாலே ஏழ்மை என்றுதான் காதில் விழும். பழைய வேட்டியும் புடவையும் சேர்த்துக் குழந்தைக்குத் தைத்த துணி மெத்தை எத்தனையோ வீடுகளில் இருந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை. நைந்ததும் தரை துடைக்கப் போயிற்று. அதனால் இப்போது ஒட்டுவேலையை அழகு என்று பேச வரும்போது, அருங்காட்சியகக் கண்ணையே கடன் வாங்கிக்கொண்டு வருகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். சுவரில் மாட்டிய க்வில்ட்டுகளைப் பார்த்துப் பழகிய கண், வீட்டுப் போர்வையையும் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டது.

போன வாரம் போர்வையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அடித்துணி அப்பாவின் வெள்ளை வேட்டிகள். அந்த வெள்ளையில் சிவப்பு நூல் வரிகள் தெளிவாகத் தெரிகின்றன. முன்பக்கத்தில் சுங்குடிப் புள்ளிகளுக்குள் அவை மறைந்துவிடும். நடுவில் ஆரம்பித்த முதல் சில வரிகளில் தையல் பெரிது பெரிதாக, கொஞ்சம் கோணலாக இருக்கிறது. ஓரத்தை நோக்கிப் போகப் போகச் சின்னதாக, நேராக ஆகிறது. அத்தைக்கு இந்த வேலை முன்பே தெரியாது. ஏழு மாதத்தில் இந்தப் போர்வையிலேயே கற்றுக்கொண்டிருக்கிறார். அண்ணியின் துணியைப் பாதியில் விடக் கூடாது என்பதற்காக.

அத்தைக்குப் போன் பண்ணினேன். "தப்பா எழுதிட்டேன் அத்தை, மாத்திடறேன்" என்றேன். "அதெல்லாம் எதுக்கும்மா, அவங்க தைச்சதுதானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூணாவது மூலை மட்டும் சரியா வரலை, அதப் படம் எடுத்துராத" என்றார்.

பழைய குறிப்பைத் திருத்திவிட்டேன். தலைப்பை "எங்கள் வீட்டுப் போர்வை" என்று மாற்றியிருக்கிறேன். படத்தின் கீழே இப்போது இப்படி இருக்கிறது: மேல்துணி, அம்மா. க்வில்ட்டிங்கும் ஓரப்பட்டியும், அத்தை. அடித்துணி, அப்பாவின் வேட்டிகள். பின்பக்கப் படம் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். மூன்றாவது மூலை அதில் இல்லை.